சொந்தப் பட்டா நிலத்துக்குள் மட்டும்

பன்றி இன்னும் சாகவில்லை.

மக்காச்சோளத்துக்குள் குண்டு வாங்கி, பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டே வரப்பைத் தாண்டி, அந்தப் பக்கம் பத்தடியில் போய் விழுந்து கிடந்தது. தாய்ப்பன்றி. மடி தொங்கியது. வாயெல்லாம் மண்.

கத்தல் நிற்கவில்லை.

அவர் வரப்பின் மேல் நின்றார். கையில் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அடுத்த தோட்டாவைப் போட்டாயிற்று. பத்தடி. அரைக்கண் தெரிகிறவன்கூட அடித்துவிடுவான்.

அவர் அடிக்கவில்லை.

சட்டைப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் லைசென்ஸ் இருந்தது. வயலுக்கு வந்தாலும் அது கூடவே வரும். வீட்டு பீரோவை அவர் நம்புவதில்லை. பீரோச் சாவி வைத்திருப்பவர்களையும் நம்புவதில்லை. தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன், வனத்துறை, மறுபடி தாலுகா ஆபீஸ். செலான் கட்ட ஒரு நாள். கட்டின செலான் செல்லாது என்று இன்னொரு நாள். ஒரு காட்டுப்பன்றியைச் சுட எத்தனை பேரைக் கும்பிடுவது?

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் அந்தக் காகிதத்தில் ஒரு வரி மட்டும் மனப்பாடம்.

மனுதாரரின் சொந்தப் பட்டா நிலத்துக்குள் மட்டும்.

அடுத்தவன் நிலத்தில் ஒரு குண்டு விழுந்தால் போதும். துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போய்விடும். போனது வராது. அதற்கப்புறம் அவர் விதைப்பதெல்லாம் பன்றிக்குத்தான்.

பன்றி கிடந்தது நாலு சென்ட்டில்.

அந்த நாலு சென்ட் தன்னுடையது என்று அவர் சொல்கிறார். இல்லை, தன்னுடையது என்கிறான் தம்பி ராசாங்கம். சர்வே கல்லை நீதான் நகட்டினாய் என்று இவர். நீதான் என்று அவன். பதினோரு வருடமாக கோர்ட்டில் கிடக்கிறது. தீர்ப்பு வரும்வரை யாரும் உழக்கூடாது. எருக்கும் நெருஞ்சியும்தான் வெள்ளாமை.

அம்மா செத்தபோது மொட்டை போடக்கூட ஆளுக்கொரு நாவிதரைக் கூட்டி வந்தார்கள்.

துப்பாக்கிச் சத்தம் கேட்டு ராசாங்கம் வந்துவிட்டான். வாயில் வேப்பங்குச்சி. நாலு சென்ட்டுக்கு அந்தப் பக்கம், தன் கிணற்று மேட்டில் நின்று பன்றியைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். குச்சியைத் துப்பினான்.

"என்னண்ணே, சும்மா நிக்கிற? சுடு. ஒன் நெலந்தானே அது? கோர்ட்டுல அப்பிடித்தானே எழுதிக் குடுத்திருக்க?"

வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து உயர்த்திப் பிடித்தான்.

அவருக்கு விளங்கிவிட்டது. சுட்டால் அந்தப் படம் ஸ்டேஷனுக்குப் போகும், என் நிலத்துக்குள் சுட்டான் என்று. சுடாவிட்டால் அதே படம் கோர்ட்டுக்குப் போகும், தன் நிலமில்லை என்று அவனே நின்றுவிட்டான் பாருங்கள் ஐயா என்று.

பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் ஒரே வகுப்பில் ஃபெயிலாகிக் கிடந்த பயல்.

"போன உள்ள வைடா."

"ஏன்? ஒன் மூஞ்சி நல்லாத்தான் விழுகுது."

"ஒன் நெலம்னு சொல்றவன்தானே நீ? கடப்பாரைய எடுத்தாந்து நீயே முடி. வாயில்லாத சீவன் துடிக்கிது."

"சுட்டவன் நீ. பாவம் மட்டும் எனக்கா? நான் அடிச்சா, பன்னி கொன்னான்னு ரேஞ்சர்கிட்ட எம்பேர எழுதிக் குடுக்க மாட்டியாக்கும்?"

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்திருப்பார்.

பன்றி முன்னங்காலை ஊன்றி எழப் பார்த்தது. சரிந்தது. மடியிலிருந்து பால் கசிந்து நெருஞ்சி முள்ளில் வழிந்தது. இவர் பக்கத்துச் சோளத்துக்குள் தாழ்வாக ஏதோ சலசலத்தது. குட்டிகள்.

"கல்ல நகட்டின கையி வெளங்குமாடா?"

"எவன் நகட்டினான்? அம்மா தாலிய அடகு வச்சுத் துப்பாக்கி வாங்கினவன்லாம் பேசுறான்!"

"தாலிய மீட்டுக் குடுத்தேன்டா நானு!"

"எப்ப? அப்பன் செத்தப்பறமா? கழட்டுறதுக்கா?"

வாய் வாயை இழுத்தது. கிணற்று மேட்டிலிருந்து அவன். வரப்பிலிருந்து இவர். பாட்டன் வைத்த புளியமரம் வந்தது, வெட்டித் தின்ற கடா வந்தது, ராசாங்கத்தின் கல்யாணத்துக்குப் போடாத மோதிரம் வந்தது. கொக்குகள் எழுந்து போயின. வெயில் முதுகில் ஏறியது.

அவர் திட்டுவதைப் பாதியில் விட்டு நின்றார்.

தோட்டாவை உருவி டவுசர் பைக்குள் போட்டார். துப்பாக்கியைத் தன் பக்கத்து மண்ணில் படுக்க வைத்தார், குழல் தன் சோளத்தைப் பார்க்க. இடுப்பு அரிவாளை எடுத்தார்.

ஒரு காலைத் தூக்கியவர், வைக்கவில்லை.

"ராசாங்கம்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருடம் ஆயிற்றோ.

"ஒன் நெலத்துக்குள்ள வரட்டுமாடா?"

சொல்லியாயிற்று. பதினோரு வருடத்து வாய்தா, வக்கீல், எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போயிற்று.

எந்தச் சத்தமும் வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அவர் பன்றியைப் பார்த்தார். நெருஞ்சிமேல் அது வாய் திறந்து கிடந்தது. கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. விரட்ட இமை அசையவில்லை. இவர்கள் போட்ட கூச்சலில் அது எப்போது அடங்கியதோ, இருவருக்கும் தெரியாது.

அரிவாளோடு நின்றார்.

"தாராளமா வாண்ணே" என்றான் ராசாங்கம்.

கனிந்த குரல். கேட்டு ரொம்ப நாளான குரல்.

போன் மட்டும் இறங்கவில்லை.