வால்வு எந்தப் பக்கம்

நாகமலை புதுக்கோட்டையில், மரியராஜ் வீட்டு நீச்சல் குளத்தின் ஃபில்டருக்குப் புது மணல் போட்டு முடித்துக் கை கழுவுகிறான் சோலை. கனடாவில் இருக்கும் மகன் ஜூடு ஆசையாகக் கட்டிய குளம். இப்போது வீட்டில் மரியராஜ் ஒருவர்தான். மோட்டார் ஓட ஓட, கழிவுக் குழாயில் கலங்கலாக வந்த தண்ணீர் மெல்லத் தெளிந்து, தென்னையின் தூரில் மாலை வெயிலை வாங்கி மினுங்குகிறது. "இனி நான் வர வேண்டியதே இல்ல சார். அழுக்கு சேந்தா மோட்டாரை நிறுத்திட்டு, இந்த வால்வ இந்தப் பக்கமா நீங்களே திருப்பி விட்ரலாம்," என்று காட்டிவிட்டு சோலை பையைத் தோளில் மாட்டுகிறான். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இயற்பியல் நடத்திய மரியராஜ், அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். "எந்தப் பக்கம்னு சொன்னே? வெளங்கலயேப்பா. இன்னொரு தடவ காட்டு." சோலை பையை இறக்கிவிட்டு மறுபடி குந்துகிறான். மரியராஜ் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.