ஊலெ ஊருக்குப் போகிறான்

"ஊலெயின்ரை கடதாசியைக் கண்டனீரோ?"

கட்டிலுக்கு அடியிலிருந்து நாலாவது கோப்புக் கட்டை இழுத்தபடி செல்வரட்ணம் கேட்டார். டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் அந்த வீட்டிலிருந்து எழுத்துள்ள எதுவும் குப்பைக்குப் போனதில்லை. 1988இல் ஒரு கடதாசி குறைந்ததால் பதினான்கு மாதம் அகதி முகாமில் கிடந்தவர் அவர்.

"அந்தாளின்ரை கடதாசி உங்களிட்டை ஏன்?" என்றாள் மனைவி சுசீலாதேவி.

"ஊத்தையாய்க் கிடந்தது. 'ஊலெ' எண்டு புதுசு எழுதி வைச்சிட்டு, பழசை எறிய மனமில்லாமல் கொண்டு வந்திட்டன். இப்ப அதில்லாட்டி அவனை ஆஸ்திரேலியாவுக்கு விடமாட்டினமாம். நாளைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆக்கள் வருகினம்."

"உள்ளுக்கு வரத்தான் கடதாசி கேட்டவங்கள். திரும்பிப் போகவுமோ?"

"ஆர், எந்த ஊர் எண்டு காட்டோணுமாம்."

சுசீலாதேவி ஊலெயைக் கண்டதில்லை. முப்பது வருடமாகக் கதைதான் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த புதிதில், செல்வரட்ணம் ஊலெயிடம்தான் டேனிஷ் கதைத்துப் பழகினார்.

"என்ரை டேனிஷைத் திருத்தாத ஒரே ஆள்."

"அதுதான் இண்டைக்கும் இப்பிடிக் கிடக்கு. ஒருநாள் எண்டாலும் சாப்பிடக் கூப்பிட்டியளே?"

"நத்தாருக்கு நத்தார் அவனுக்கு நத்தார்த் தாத்தாவின்ரை சிவப்புத் தொப்பி போட்டு விடுறனான். இந்த முறையும் போட்டனான்."

"பெரிய உபகாரம்."

கடதாசி செல்வரட்ணத்தின் வதிவிட அனுமதிப் பத்திரத்துக்குள் செருகிக் கிடந்தது. சேர்த்து வைப்பதில் இருந்த அக்கறை வாசிப்பதில் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இன்றுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இரண்டு தரம்.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"பழைய டேனிஷ். விளங்கேல்லை," என்றார். விளங்கியிருந்தது.

"பயணம் போற மனிசன். றோல்ஸ் பொரிச்சுத் தாறன், குடுங்கோ."

வேண்டாமென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

மறுநாள் உயிரியல் வகுப்பறை வாசலில், ஊலெயின் சனத்திலிருந்து வந்திருந்த பெண்ணிடம் றோல்ஸ் பொட்டலத்தையும் கடதாசியையும் நீட்டினார். அவளுக்கு டேனிஷ் தெரியாது. அவரே தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் வாசித்துச் சொன்னார்:

"ஆதிக்குடி ஆண், இருபது வயதளவில். குயின்ஸ்லாந்து, ஓடைக்கரை, 1883. சுட்டவர் பள்ளிக்கு அன்பளித்தது."

பிறகு உள்ளே போய், கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மண்டையோட்டின் மேலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றினார்.