ஜவ்வாது வீரனைப் பெற்றவள்

விளக்கைப் போட்டார்கள். பாஞ்சாலை கண்ணைக் கசக்கி முடிப்பதற்குள் ஒருவன் அவள் காலில் விழுந்துவிட்டான்.

அழுதிருந்தான். அவன் மூக்குச்சளி அவள் கால்விரலில் ஈரமாகப் பட்டது. உதறிவிட வேண்டும்போல இருந்தது. உதறவில்லை.

ஆலங்காயத்தில் அந்தக் கல்யாண மண்டபத்தின் ஜன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கி, முக்கால் மணி நேரம் படம் காட்டியிருந்தார்கள். ஜவ்வாது மலையில் பிறந்து, கூடைப்பந்து ஆடி, டில்லி வரைக்கும் பேர் எடுத்த வீரனைப் பற்றிய படம். இந்தப் பக்கத்தில் அவனை வெறும் வீரன் என்று யாரும் சொல்வதில்லை. ஜவ்வாது வீரன்.

வீரன் வரவில்லை. மெட்ராஸில் ஏதோ முக்கியமான வேலையாம்.

அதனால் கூட்டம் முழுக்கப் பாஞ்சாலையின் மேல் பாய்ந்தது. படத்தில் அவள்தானே அழுது அழுது பேசியிருந்தாள்.

சட்டைக்கு மேல் பனியன் போட்டு, பனியனில் வீரனுடைய ஏழாம் நம்பரை மையால் எழுதிக்கொண்டு வந்திருந்த ஒருவன் அவள் கையைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டான்.

"இந்தக் கையாலதானம்மா அவருக்குச் சாமைச்சோறு போட்டீங்க?"

கேட்டுவிட்டு அந்தக் கையைத் தன் கன்னத்தில் தேய்த்தான். வேர்வையும் முகப்பவுடரும் குழைந்து அவள் உள்ளங்கை பிசுபிசுத்தது.

பின்னால் இரண்டு பேர், கடைசி நொடியில் வீரன் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்தைப் படத்தில் காட்டவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். போளூரிலிருந்து பஸ் மாறி வந்த ஒருத்தி, இடுப்பிலிருந்த குழந்தையை அவள் மடியில் திணித்து, தலையில் ஊதிவிடச் சொன்னாள். குழந்தை உயரமாக வளர வேண்டுமாம். பாஞ்சாலை ஊதினாள். குழந்தை அவள் புடவையிலேயே மூத்திரம் பெய்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

அவள் ஈரப் புடவையைப் பிழிந்தாள்.

காலையில் பஸ்ஸில் வந்தபோது, மலைக்காரி என்று அவள் சீட்டில் இடமிருந்தும் ஒருத்தரும் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தார்கள். அதே ஜனம்தான் இது.

அதைவிட அருவருப்பாக இருந்தது, படத்தில் கேட்ட அவள் குரலே. புளியங்காயைக் கல்லால் அடித்து அடித்தே வீரனுக்குக் குறி படிந்தது என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். மலையில் எவன் புளியைக் கல்லால் அடிக்கிறான்? கழி எதற்கு இருக்கிறது? அழுகை வரவில்லை என்றதும் வெங்காயத்தை நறுக்கி முகத்துக்கு நேரே நீட்டினார்கள். வந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான் இத்தனை பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

ரசிகர் மன்றத் தலைவர் பஞ்சாட்சரம் மைக்கைப் பிடித்தார். வீரனைச் சுமந்த வயிற்றை எல்லாரும் ஒருமுறை கும்பிட வேண்டும் என்றார்.

கும்பிட்டார்கள். கண்ணை மூடாமல், நேராக அவள் வயிற்றைப் பார்த்தபடி.

பாஞ்சாலை முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு பின்னால் போனாள். கடைசித் தூணோரம் மாதம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் அவளோடு மலையிலிருந்து இறங்கி வந்தவள் இவள் ஒருத்திதான். முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் போர்த்தியிருந்தாள். முகம் நனைந்திருந்தது.

"நல்லாப் பேசினடி," என்றாள் மாதம்மாள். "நானா இருந்தா இப்டிப் பேச வந்திருக்காது."

பனியன்காரன் விடாமல் பின்னாலேயே வந்துவிட்டான். மாதம்மாளைக் காட்டி, இது யார், துணைக்கு வந்தவர்களா என்று பாஞ்சாலையிடம் கேட்டான்.

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"இவதாம்பா வீரனப் பெத்தவ. நான் பக்கத்து வூடு."

உண்மை அதுதான். படக்காரர்கள் ஜீப்பில் மலைக்கு வந்த அன்று வீரனும் கூட வந்திருந்தான். அம்மாவின் கழுத்தில் தேங்காய் அளவுக்குத் தொங்கிய கட்டியைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். "பாஞ்சால அத்த பேசட்டும்" என்றான். ஒரு பிள்ளையும் தங்காத பாஞ்சாலை, எம்புள்ள என்று ஒருதரமாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் ஆசையில் சரி என்றுவிட்டாள். படம் எடுத்து முடிகிற வரைக்கும் மாதம்மாள் பின்பக்கப் பட்டியில் குந்தி, ஆடு கத்திக் கெடுத்துவிடாதபடி அதன் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பனியன்காரன் மாதம்மாளைப் பார்த்தான். முந்தானை நழுவியிருந்தது. கழுத்தைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனான்.

பிறகு சிரித்தான். அம்மா நன்றாகத் தமாஷ் பண்ணுகிறார்கள் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, பாஞ்சாலையின் காலைத் தொடக் குனிந்தான்.

பாஞ்சாலை காலை இழுத்துக்கொள்ளப் போனாள். மாதம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சும்மா நில்லுடி. எம்புள்ள பேரு கெட்டுப்பூடும்."

பாஞ்சாலை காலைக் கொடுத்தபடி நின்றாள்.