வேறு வேலை தேடுகிறார்

பம்பு கம்பெனியில் வரைபடம் போடும் சகாயமேரி, மேலாளரின் தொல்லை பொறுக்காமல் அண்ணனுக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். மெயிலும், இணையத்தில் எல்லோரும் பார்க்கும் தொழில் பக்கமும் ஒன்றாகிவிட்ட காலம் அது. "இந்த வேலையை விட்டுடப் போறேண்ணா" என்று தட்டியதுமே, அனுப்புவதற்கு முன்பே, அவளுடைய தொழில் பக்கத்தில் "வேறு வேலை தேடுகிறார்" என்று ஏறிவிட்டது.

மேலாளர் அவள் மேசைக்கே வந்து நின்றார்.

"போறீங்களாமே மேரி? புதுக் கம்பெனிக்காரங்க உங்களைப் பத்தி என்கிட்டதானே விசாரிப்பாங்க?"

அவர் நகர்ந்ததும் எழுதியதை அழித்தாள். பக்கம் "மனம் நிலையில்லாதவர்" என்று மாறியது. அவள் ஏற்கெனவே வேலைக்கு விண்ணப்பித்திருந்த மூன்று கம்பெனிகளும் மதியத்துக்குள் கைவிரித்தன.

சாயங்காலம் மறுபடி எழுதினாள்: "இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லைண்ணா."

அதையும் பக்கம் எடுத்துப் போட்டது. முதல் லைக் மேலாளருடையது. அடுத்தது அண்ணனுடையது.