ரெஃபரி போகும்வரை

குதிகால் இரண்டும் எரிந்தன.

உப்புப் பாத்தி மிதித்த எரிச்சல் இல்லை. அது பழகிப்போனது. இது மைதானம் மிதித்தது. பாத்தியைக் கெட்டிப்படுத்துவது மாதிரியே, உப்பளத்து வேலை முடிந்த கையோடு, ஐந்து நாளாகக் குடியிருப்பே வரிசையாக நின்று தரையை மிதித்தது. ஆணும் பெண்ணும். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கவில்லை. கழிவு உப்பு மலையாகக் கிடந்தது. அதையே கொட்டி இழுத்துவிட்டார்கள்.

அந்த வெள்ளைக் கோட்டுக்கு இரண்டடி வெளியே அவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனிமேல் அவன் பெண்டாட்டி சேர்மக்கனி உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரிச்சா அம்மணமாத்தான் ஓடணும். பாத்துக்கிடும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்ய.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே மைதானத்தில், பந்து கையில் பட்டது, ஹேண்ட் என்று விசில் ஊதிய ரெஃபரியை உள்ளே ஓடிப்போய் அறைந்தவன் அவன்தான்.

ஆட்டம் நின்றது. லீக் கமிட்டி தடை போட்டு மைதானமும் போனது.

அதற்கப்புறம் சொந்த மைதானம் என்று பேர்தான். ஆடுவது டவுனில். பதினாலு கிலோமீட்டர். விடியுமுன்னே அளத்தில் இறங்கி மத்தியானம் கரையேறுகிற சனம் எங்கே போய்ப் பார்க்கும்? ஊர் டீம் பதினோரு பேரும் கைதட்ட ஆள் இல்லாமல் ஆடித் தோற்றார்கள்.

எவனும் அவனைத் திட்டவில்லை. அவன் டீக்கடைக்குள் நுழைந்தால் பந்துப் பேச்சு நின்றுவிடும். அவ்வளவுதான்.

இன்றைக்கு ஒரு வாய்ப்பு. லீக் கமிட்டி கடுதாசி போட்டிருந்தது. ஒரே ஒரு ஆட்டம். கடைசி விசில்வரை நடந்தால் மைதானம் திரும்ப வரும். ரெஃபரி கிளம்பிப் போகிறவரை வெளியாள் ஒருத்தன் கோட்டைத் தாண்டினாலும், அதோடு சரி.

ரெஃபரியும் அதே ஆள்தான்.

டவுன் டீம் சீக்கிரமே ஒரு கோல் போட்டது. அவர்கள் பையன் ஒருத்தன் சறுக்கிப் பந்தெடுத்து, முட்டி உரிந்து, உப்புக் கோட்டிலேயே போய் விழுந்தான். அலறல்.

"எங்களுக்கு இது தெனமும்டே!" என்று கூட்டத்தில் ஒருத்தி கத்தினாள்.

எழுபதாவது நிமிஷம் இவர்கள் ஒன்றைத் திருப்பினார்கள். கூட்டம் எழுந்து ஓடிவந்தது. கோட்டோரம் வந்ததும் பிரேக் போட்ட லாரி மாதிரி நின்றது. பின்னால் வந்தவன் முன்னால் நின்றவன் முதுகில் முட்டினான். ஒரு கால் உள்ளே போகவில்லை.

எண்பத்தெட்டு.

இவர்கள் கோல்கீப்பர் ரூபன் விழுந்து பந்தைத் தேடினான். பந்து இல்லை. எதிராளியின் கால் இருந்தது. அதை வாரிவிட்டான்.

விசில்.

ரெஃபரி கை பெனால்டி புள்ளியைக் காட்டியது.

முந்நூறு பேர். ஒருத்தரும் ரெஃபரியைப் பார்க்கவில்லை.

அவனைப் பார்த்தார்கள்.

எழுந்துவிட்டிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. சாரம் இடுப்பில் இருந்தது. சேர்மக்கனி நுனியை விட்டிருந்தாள். இழுத்துப் பிடிக்கவில்லை.

இரண்டடி நடந்தான்.

பாதம் உப்பில் பட்டது. வெடிப்புக்குள் உப்பு ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

அங்கேயே நின்றான்.

பந்து வலைக்குள் போனது.

நின்றான்.

டவுன்காரர்கள் அவனுக்கு நேர் முன்னால் வந்து கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஒருத்தன் நாக்கைத் துருத்திக் காட்டினான்.

நின்றான்.

கூடுதலாக நாலு நிமிஷம் கொடுத்தார் ரெஃபரி. நாலு நிமிஷமும் அத்தனை பேரும் அவன் காலையே பார்த்தார்கள்.

கடைசி விசில் ஊதினார்.

இரண்டுக்கு ஒன்று. தோற்றுப்போனார்கள்.

அப்போது எழுந்தது குலவை. ரயில் பாதைவரை கேட்டிருக்கும். தகரத்தைத் தட்டினார்கள். துண்டு பறந்தது. ஜெயித்த டீம் நடு மைதானத்தில் நின்று முழித்தது. யார் ஜெயித்தது என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனைக்கும் ஒருத்தரும் கோட்டைத் தாண்டவில்லை. வெளியே நின்றே குதித்தார்கள். தோற்ற பதினோரு பேரும் கோட்டுக்கு வெளியே ஓடிவந்து கண்டவர் தோளில் ஏறினார்கள்.

ரூபன் ஈரச் சட்டையைக் கழற்றி அவன் தலையில் போட்டான்.

"அடுத்த ஞாயித்துக்கெழமையும் இங்கதான். முன்னால வந்து உக்காரும், சித்தப்பா."

பக்கத்துப் பாத்தி பொன்ராசு எச்சிலைத் துப்பினான். "பெனால்டியே கெடையாதுல. கள்ள விசிலு."

"பெனால்டிதான்," என்றான் அவன்.

பொன்ராசு முறைத்தான்.

"அன்னைக்கி ஹேண்டும் ஹேண்டுதான். நான் பாத்தேன்."

ரெஃபரி மைதானத்துக்கு நடுவில் நின்று காகிதத்தில் எழுதினார். மடித்தார். சட்டைப்பையில் வைத்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

அவர் நிற்கிற இடத்துக்கு எட்டு வைத்தால் முப்பது இருக்கும்.

முப்பது எட்டும் கோட்டுக்கு உள்ளே.

அவன் கை இரண்டும் தன்னால் கூடி வந்தன. நெஞ்சு உயரத்துக்கு வருமுன்னே அவர் திரும்பிவிட்டார். அந்தப் பக்கத்து வரப்பில் நின்ற பைக்கில் ஏறினார். உப்பு அம்பாரங்களுக்கு நடுவே போய் மறைந்தார்.

அவர் மறைந்ததும் முந்நூறு பேரும் ஒரே பாய்ச்சலாக உள்ளே இறங்கினார்கள். உருண்டார்கள். தரையில் அறைந்து சிரித்தார்கள். அவனையும் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் நடுவில் இறக்கினார்கள்.

மைதானம் வந்துவிட்டது.

அந்த ஆளிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி.