சயாவும் சல்லடை அடுப்பும்

"ஊதுபத்தி எடும்மா. சாமிக்கு இல்ல, அடுப்புக்கு!" என்று உத்தரவு போட்டார் சுரேந்திரன்.

ரேவதி எடுத்துக் கொடுத்தாள். ஆறு மாடி ஏறிய மூச்சிரைப்பு அவருக்கு இன்னும் அடங்கவில்லை. பேச்சுக்கு மட்டும் மூச்சு தாராளமாக இருந்தது.

யாங்கூனில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் அதிகம் என்பதால், ரேவதி வீட்டில் சமையல் கரியடுப்பில்தான். தகர வாளிக்குள் களிமண் பூசிய அடுப்பு. கீழ்க்கதவைச் சாத்தினால் தீ தணிய வேண்டும். இந்த அடுப்போ உடம்பெல்லாம் ஓட்டையாகி, கண்ட வழியில் காற்றை இழுத்து, மூட்டை மூட்டையாகக் கரியைத் தின்றது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சுரேந்திரன் வந்து அடைப்பார். ஒன்றை அடைத்தால் இன்னொன்று இழுக்கும். பொழுது சாய்ந்ததும், "மிச்சம் அடுத்த தடவை" என்று இறங்கிப் போய்விடுவார்.

"இன்சீன் ரயில் பட்டறையில முப்பது வருஷம்மா! பாய்லரையே பாத்தவன் நான்" என்றார்.

உண்மைதான். அவர் இருந்த வருகைப்பதிவு அறையின் ஜன்னலைத் திறந்தால் பாய்லர் நன்றாகத் தெரியும்.

"அண்ணே, டீ குடிச்சிட்டு மெதுவாப் பாருங்க. அவசரமே இல்ல" என்றாள் ரேவதி.

"அண்ணன்னு சொல்லாத. சயான்னு சொல்லு."

பர்மாக்காரர்கள் வாத்தியாரையும் வைத்தியரையும் மரியாதையாகக் கூப்பிடும் சொல். சுரேந்திரன் அதைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு நாளாகிறது.

மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ரேவதியின் கணவன் ரமேஷ்குமார் சிரித்தான். "சயா, டீக்கடையில என்னமோ சபதம் போட்டீங்களாமே?"

"ஆமா போட்டேன்! இன்னிக்கு இருட்டுறதுக்குள்ள இந்த அடுப்புல ஒரு ஓட்டை மிஞ்சினாலும், இனிமே இந்தத் தெருவுல என்னை யாரும் சயான்னு கூப்பிட வேணாம்!"

"கடைக்காரர் ரஹ்மத்துல்லா பாய் இப்பவே உங்களை அண்ணன்னு கூப்பிட்டுப் பழகிட்டு இருக்காரு."

சுரேந்திரனுக்குச் சுருக்கென்றது. கைலியை வரிந்து கட்டிக்கொண்டு குனிந்தார். கரி கனிந்ததும் கீழ்க்கதவைச் சாத்தினார். ஊதுபத்தியை அடுப்பைச் சுற்றி அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஓரிடத்தில் புகை சட்டென்று வளைந்து தகரத்துக்குள் நுழைந்தது.

"பிடிச்சேன்! காத்துக்கு மூளை கிடையாது. எனக்கு இருக்கு."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. காத்துதான் ஜெயிச்சுது" என்றான் ரமேஷ்குமார். "வேலைன்னா ஒரே தடவைல முடியணும் சயா. என்னை மாதிரி."

"நீ பேசாம இருப்பா!"

களிமண், சலித்த சாம்பல், கொஞ்சம் உப்பு. கஞ்சித் தண்ணீர் விட்டுப் பிசைந்து ஓட்டையில் திணித்தார். மூக்கில் கொஞ்சம், மீசையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. புகை அடுத்த இடத்தில் வளைந்தது. அடைத்தார். அதற்கும் அடுத்த இடத்தில் வளைந்தது. அடைத்தார்.

"இடுப்பு வலிக்கப்போவுது சயா. மிச்சம் அடுத்த தடவை பாக்கலாமே" என்றாள் ரேவதி.

"சபதம்மா, சபதம்!"

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு முறை ஊதுபத்தியை அடுப்பைச் சுற்றிக் கொண்டுபோனார். புகை எங்கும் வளையாமல் கம்பி போல நேரே மேலே போனது. கொஞ்ச நேரத்தில் கங்கு மங்கி அடங்கியது.

ரேவதியின் முகம் வாடியது. அதைப் பிரமிப்பு என்று எடுத்துக்கொண்டார் சுரேந்திரன்.

பால்கனிக்கு ஓடி, கீழே டீக்கடையைப் பார்த்து இரண்டு கைகளையும் உயர்த்தினார். "அடைச்சிட்டேன்!"

அதே நொடியில் கரண்ட் வந்தது. "மீ லாபீ! கரண்ட் வந்தாச்சு!" என்று தெரு முழுக்க வழக்கமான ஆனந்தக் கூச்சல். குழந்தைகள் கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். சுரேந்திரன் கண் கலங்கி, நாலு பக்கமும் கும்பிட்டார்.

பிறகு மீசைக் களிமண்ணைத் துடைக்காமலேயே, ரமேஷ்குமாரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு டீக்கடைக்கு இறங்கினார்.

ரேவதி கதவைத் தாழிட்டுவிட்டு, சுரேந்திரனின் மனைவி ராதாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நல்லாத் தூங்குனீங்களா?"

"அதையேன் கேக்குற! மத்தியானம் கண்ணை மூடுனவ, இப்பத்தான் எந்திரிச்சேன். அவரு பேச்சுச் சத்தம் இல்லாம வீடு கோயில் மாதிரி இருந்துச்சு."

"நாமதான் மோசம் போயிட்டோம் அக்கா. நான் ஆணி வச்சு அடிச்ச அத்தனை ஓட்டையையும் அடைச்சுத் தொலைச்சிட்டாரு!"

"தகரம்தானேடி, மறுபடி அடிச்சுக்கலாம்" என்று கொட்டாவி விட்டாள் ராதா. "அடுத்த ஞாயிறு நீ தூங்குற முறை. உன் வீட்டுக்காரரை மறக்காம இங்க அனுப்பிடு. தண்ணி மோட்டார்ல ஒரு வயரை இப்பவே பிடுங்கி விட்டுட்டேன்."