பட்டியலில் முதல் பெயர்

கண்டுபிடிப்பாளர்களுக்கு ஆண்டுதோறும் மதிப்பெண் போடும் நிஷியாமா, டோக்கியோ தலைமை அலுவலகத்திலிருந்து நகோயா ஆய்வுக்கூடத்துக்கு நேரிலேயே வந்துவிட்டாள். போன ஆண்டு பூஜ்யம் வாங்கிய தொகாஷி, இந்த ஆண்டு பதினேழு காப்புரிமைகளோடு முதலிடம்!

அவர் நாற்காலி காலியாக இருந்தது. மேசையில் தேநீர் ஆவி பறந்தது.

"எங்கே போயிட்டாரு? பூஜ்யம் போட்டதும் ரோஷம் வந்துடுச்சு போல!" என்று சிரித்தாள்.

பக்கத்து மேசை மொரிஷிதா சிரிக்கவில்லை.

"எப்பவுமே யோசனை அவரோடதுதான், நிஷியாமா சான். எங்க பேரைப் போட்டுக்கச் சொல்லிடுவாரு. இப்ப அவரு நோட்டுல மிச்சமிருந்ததுக்கெல்லாம் அவர் பேரையே போட்டுட்டோம்."

"அதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

மொரிஷிதா அந்தத் தேநீரைப் படையல்போல் காலி நாற்காலிப் பக்கம் நகர்த்திவைத்துக் கைகூப்பினான்.

"போன வருஷம் உங்க பட்டியலைப் பார்த்துட்டு இதுல உட்கார்ந்தவர்தான். எழுந்திரிக்கவே இல்ல."